ஒரே மேகத்திலிருந்து பாறைக்கோளும் வாயுக்கோளும் வால்மீனும் வந்தது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: சூரியனும் கோள்களும் ஒரே வாயு மேகத்திலிருந்து பிறந்தவை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அப்படியானால் பூமி பாறையாகவும், வியாழன் வாயுவாகவும், வால்மீன் பனிக்கட்டியாகவும் ஆனது ஏன்? தயிர் கடையும்போது வெண்ணெய் தனியே வருவதுபோல, சுழற்சியில் கனமானது உள்ளே தங்கி லேசானது வெளியே போய்விட்டதா? கூடவே, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் சிறுகோள்கள் உடைந்துபோன கோளின் துண்டுகளா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குள்ளேயே ஒரு யூகம் ஒளிந்திருக்கிறது. பலர் மனதில் இருக்கும் யூகம் அது, ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எடை பார்த்துப் பிரிந்தது என்பது சரியில்லை. கனமானது உள்ளே போயிருந்தால் நட்டநடுவே இரும்பு உருண்டை இருக்க வேண்டும். இருப்பதோ சூரியன், அதன் நிறையில் ஏறத்தாழ 98 சதவீதத்துக்கும் மேல் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். வெளியே போகப்போக அடர்த்தி குறைந்துகொண்டே வருவதும் இல்லை. சனியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.69 கிராம், அதற்கும் வெகுதூரம் வெளியே உள்ள நெப்டியூனுக்கு 1.64. சூரியனைத் தன்போக்கில் சுற்றும் பொருளுக்குத் தன் எடையைப் பற்றிய கவலையே கிடையாது. ஒரே தூரத்தில் இருந்தால் தூசியும் பாறாங்கல்லும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். உண்மையில் பிரித்தவை இரண்டு: அந்த இடத்து வெப்பநிலையில் எது திடமாக இருக்க முடிந்தது என்பது ஒன்று, அந்தத் திடப்பொருள் எவ்வளவு சீக்கிரம் பெரிதாக வளர்ந்தது என்பது மற்றொன்று. இனி வருவதெல்லாம் இந்த இரண்டின் விளைவுகள்.

முதலில் சரக்கு என்ன இருந்தது என்று பார்ப்போம். அந்த மேகத்தில் 1000 கிலோ எடுத்தால் ஏறக்குறைய 985 கிலோ ஹைட்ரஜனும் ஹீலியமும். மீதி 15 கிலோவில் சுமார் 5 கிலோ பாறையும் உலோகமுமாக உறையக்கூடியது. இன்னும் 5 கிலோவுக்குச் சற்று மேல் தண்ணீர். மிச்சம் மீத்தேன், அமோனியா போன்றவை. மேகம் சுருங்கிச் சூரியன் உருவானபோது அதைச் சுற்றித் தோசை மாதிரி தட்டையான வட்டு ஒன்று சுழன்றது. இது வெறும் கற்பனை இல்லை. டாரஸ் விண்மீன் கூட்டத்தில் எச்.எல். டாரி என்ற இளம் விண்மீனைச் சுற்றி இதே போன்ற வட்டு இருப்பதை, அதில் ஓடும் வளையங்களோடு, சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி 2014-இல் படமாகவே எடுத்தது. வட்டின் உட்பகுதி சூடு, வெளிப்பகுதி குளிர். இரும்பும் சிலிக்கேட்டும் (பாறையின் முக்கியக் கனிமம்) 1000 டிகிரி செல்சியஸை ஒட்டித் திடமாகிவிடும்; தண்ணீரோ அந்த வெற்றிடச் சூழலில் மைனஸ் 100 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால்தான் நேரடியாக ஆவியிலிருந்து பனியாகும். அந்த எல்லைக்குப் பனிக்கோடு என்று பெயர். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 3 மடங்கு தூரத்தில் அது இருந்தது என்பது வழக்கமான மதிப்பு. ஆனால் அதை நிலையான கோடாக நினைக்க வேண்டாம். வட்டு ஆறியதும் கோடு உள்நோக்கி நகர்ந்தது. எந்தக் காலத்தில் எங்கே நின்றது என்பதில் கணக்குக்குக் கணக்கு வேறுபாடு உண்டு.

ஆகவே பனிக்கோட்டுக்கு உள்ளே 1000 கிலோவுக்கு 5 கிலோ கட்டுமானப் பொருள்தான் கிடைத்தது. வெளியே தண்ணீர்ப் பனி மட்டும் சேர்ந்ததுமே அது இரட்டிப்பானது. பாறைக்கோள்கள் சிறியவையாக இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இந்தப் பற்றாக்குறை.

இந்த வெப்பக் கதைக்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்று இருக்கிறது. 1969 பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் அயெந்தே என்ற ஊர்ப்பக்கம் விண்கல் விழுந்தது. சுமார் 2 டன் துண்டுகளைச் சேகரித்தார்கள். அதை ரம்பத்தால் அறுத்தால் கரும்சாம்பல் பரப்பில் இரண்டு விதமான புள்ளிகள் தெரியும். ஒன்று, கடுகு அளவிலான உருண்டைகள். இவை காண்ட்ரூல்கள். ஒருகாலத்தில் உருகிய துளிகளாக விண்வெளியில் மிதந்து, சில மணி முதல் சில நாளுக்குள் உறைந்தவை. மற்றொன்று, ஒழுங்கற்ற வடிவில் பஞ்சுத் திட்டு மாதிரி வெள்ளைத் துண்டுகள். கால்சியமும் அலுமினியமும் மிகுந்த இவை 1300, 1400 டிகிரி வெப்பத்திலேயே திடமாகிவிடும் கனிமங்கள். சூடான வாயு ஆறும்போது முதலில் உறைய வேண்டியவை எவையோ அவைதான் இவை. இவற்றின் வயதை ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு (ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமத்தின் வேறுவேறு நிறையுள்ள அணு வகை) அளந்தால் 456.7 கோடி ஆண்டு வருகிறது. சூரியக் குடும்பத்தின் வயது என்று நாம் சொல்லும் எண் இந்த வெள்ளைத் துண்டுகளின் வயதுதான். இதில் சந்தேகத்துக்கு இடம் மிகக் குறைவு. காண்ட்ரூல்களை உருக்கிய வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் அதிர்ச்சி அலை, மோதல், மின்னல் என்று இன்னும் விவாதம் ஓடுகிறது.

தூசி வளர்ந்த விதத்துக்கு வருவோம். மைக்ரான் அளவுத் தூசிகள் மெதுவாக மோதினால் ஒட்டிக்கொள்ளும், கட்டிலுக்கடியில் தூசிப் பந்து சேர்வதுபோல. மில்லிமீட்டர், சென்டிமீட்டர் வரை இது நடக்கும். அதற்கு மேல் சிக்கல். ஒட்டுவதற்குப் பதில் தட்டித் தெறிக்கின்றன, இல்லாவிட்டால் உடைகின்றன. இதைவிடப் பெரிய சிக்கல் எதிர்காற்று. பூமி இருக்கும் தூரத்தில் திடப்பொருள் நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்ற வேண்டும். வாயுவை அதன் சொந்த அழுத்தம் கொஞ்சம் தாங்கிப் பிடிப்பதால் அது நொடிக்குச் சுமார் 50 மீட்டர் குறைவாகச் சுற்றுகிறது. ஆகவே கல்லுக்கு எப்போதும் முகத்தில் காற்று. அதனால் வேகம் குறைந்து சூரியனை நோக்கிச் சரியும். ஒரு மீட்டர் அளவுக் கல் நூறு ஆண்டுக்கிட்டத்தில் சூரியனுக்குள் போய்விடும் என்பது 1970-களிலேயே போட்ட கணக்கு. அப்படியிருக்க ஒரு கோளும் மிஞ்சியிருக்கக் கூடாது.

இதற்கு இன்று பெரும்பாலோர் ஏற்கும் வழி, கற்கள் ஒவ்வொன்றாக வளராமல் கும்பலாகச் சேர்ந்தன என்பது. எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனால் பின்னால் வருகிறவருக்குக் காற்றுத் தடை குறையும் அல்லவா? அதுபோல, ஓரிடத்தில் கூழாங்கற்கள் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் அங்கே சரிவு மந்தமாகும், பின்னால் வருபவையும் வந்து சேரும், கும்பல் இன்னும் அடர்த்தியாகும். ஒரு கட்டத்தில் அந்தக் கும்பல் தன் சொந்த ஈர்ப்பிலேயே சுருங்கி, மீட்டர் அளவைத் தாண்டிக் குதித்து, நேரே பத்து, நூறு கி.மீ. அளவுள்ள உருண்டையாகிவிடும். 2005-இல் யூடின், குட்மன் என்ற இரு வானியலாளர்கள் இந்த ஓட்ட நிலையின்மையைக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். இன்னும் கணினிக் கணக்கில் வலுவாக நிற்கும் கருத்துதான் இது, கண்ணால் கண்டதில்லை. ஆனால் நல்ல ஆதரவு ஒன்று கிடைத்திருக்கிறது. 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் நெப்டியூனுக்கு அப்பால் அர்ரோகாத் என்ற சுமார் 36 கி.மீ. நீளப் பொருளைக் கடந்து சென்றது. இரண்டு அடைகளை ஒட்டவைத்ததுபோன்ற உருவம். ஒட்டிய கழுத்தில் நசுங்கலோ நொறுங்கலோ இல்லை. ஆள் நடக்கும் வேகத்தில் வந்து தொட்டால்தான் அப்படி ஒட்ட முடியும். ஒரே கும்பல் சுருங்கும்போது இரண்டு கட்டியாகி மெல்லச் சேர்ந்தால் அதுதான் கிடைக்கும்.

வியாழன் எப்படி வாயுவைச் சேர்த்தது? பனிக்கோட்டுக்கு வெளியே பொருள் அதிகம் என்பதால் அங்கே ஒரு கரு சீக்கிரம் பெருத்தது. கரு பூமியைப்போல் சுமார் 10 மடங்கு நிறையை எட்டியதும் சுற்றியுள்ள ஹைட்ரஜனையும் ஹீலியமையும் இழுத்துப் பிடிக்க ஆரம்பிக்கும். பிடித்த வாயு ஆறிச் சுருங்க, ஈர்ப்பு கூடும். கூடக்கூட இன்னும் வாயு வந்து விழும். வியாழன் 318 பூமி நிறைக்கும் சனி 95-க்கும் போனது அப்படித்தான். இங்கே கடிகாரம் முக்கியம். இளம் விண்மீன்களைப் பார்த்தால், வட்டில் உள்ள வாயு பெரும்பாலும் 30 லட்சம் முதல் 1 கோடி ஆண்டுக்குள் கலைந்துவிடுகிறது. அதற்குள் 10 மடங்கைத் தொடாத கரு வாயுக்கோளாக முடியாது. யுரேனஸ் 14.5, நெப்டியூன் 17 பூமி நிறை. அவற்றில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறுபங்குதான். தாமதமாக வளர்ந்து, பந்தி முடியும் நேரத்தில் வந்து உட்கார்ந்தவை என்பது பொதுவான விளக்கம். ஆனால் அவ்வளவு தூரத்தில் பொருள் மெலிந்து கிடந்திருக்கும், அங்கேயே வளர நேரம் போதாது. ஆகவே இவை இன்னும் உள்ளே பிறந்து பிறகு வெளியே நகர்ந்தன என்று பலர் கருதுகிறார்கள்.

வியாழனின் கரு பற்றியும் ஒரு எச்சரிக்கை. நடுவில் கெட்டியான பாறைப் பந்து, மேலே வாயு என்று படம் போட்டிருப்பார்கள். ஜூனோ விண்கலம் ஈர்ப்பை அளந்து சொன்னது வேறு: கனமான பொருள் வாயுவோடு கலந்து, கோளின் ஆரத்தில் கணிசமான பகுதிவரை கரைந்தாற்போல் பரவியிருக்கிறது. இதனால் மேலே சொன்ன கரு வளர்ச்சிக் கொள்கை தவறாகிவிடவில்லை. பின்னால் வந்த ஒரு பெரிய மோதல் கருவைக் கலக்கியிருக்கலாம், அல்லது வளரும்போதே பனியும் பாறையும் வாயுவில் கரைந்திருக்கலாம். வியாழன் எவ்வளவு சீக்கிரம் பிறந்தது என்பதற்கும் விண்கற்கள் துப்புத் தருகின்றன. மாலிப்டினம், டங்ஸ்டன் ஐசோடோப்பு விகிதங்களைப் பார்த்தால் விண்கற்கள் எல்லாம் இரண்டே குடும்பமாகப் பிரிகின்றன, நடுவில் கலப்பே இல்லை. இந்தப் பிரிவு உறுதி. இருபுறத்துப் பொருளும் கலக்காமல் பிரித்த வேலி வியாழன்தான், அதன் கரு 10 லட்சம் ஆண்டுக்குள்ளேயே 20 பூமி நிறையாகிவிட்டது என்று 2017-இல் வந்த ஆய்வு வாதிட்டது. வட்டிலேயே அமைந்த அழுத்த மேடுகூட (வாயு அழுத்தம் கூடுதலாக இருக்கும் வளையம்) அந்த வேலியாக இருந்திருக்கலாம் என்கிறவர்களும் உண்டு.

சிறுகோள்களைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்வி இங்கே வருகிறது. அந்தச் சிறுகோள் பட்டையில் உள்ள அனைத்தையும் உருட்டிச் சேர்த்தாலும் நம் நிலவின் நிறையில் 3, 4 சதவீதம்தான் தேறும். உடைந்த கோள் என்று சொல்ல அது போதாது. மேலும், இரண்டு ஐசோடோப்புக் குடும்பங்களும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒரே உடலின் துண்டுகள் அப்படி இருக்காது. வியாழனின் ஈர்ப்பு கலக்கிக்கொண்டே இருந்ததால் கோளாகச் சேர முடியாமல் போன மிச்சம், கூடவே வேறு இடங்களிலிருந்து எறியப்பட்டு வந்தவை என்பதே பொருத்தம். ஆனால் சிறிய அளவில் உடைந்தவை உண்டு, அதில் உங்கள் யூகம் பாதி சரி. இரும்பு விண்கற்கள் சிதறிப்போன சிறு உடல்களின் மையப்பகுதிகள்தான் பெரும்பாலும்.

சில பத்து கி.மீ. ஆரமுள்ள உருண்டைக்குள் இரும்பு உருகி நடுவே இறங்கும் அளவு சூடு எப்படி வந்தது? அலுமினியம்-26. மேகத்தில் ஆரம்பத்தில் 1 லட்சம் அலுமினிய அணுவுக்கு 5 வீதம் இந்தக் கதிரியக்க வகை இருந்தது, 7.2 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அது சிதைந்து மக்னீசியம்-26 ஆன தடயத்தை அயெந்தே கல்லின் வெள்ளைத் துண்டுகளில் 1976-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் லீ, பாப்பனஸ்டாசியூ, வாசர்பர்க் மூவரும் கண்டார்கள். இதனால் பிறந்த நேரமே ஓர் உடலின் தலைவிதியைத் தீர்மானித்தது. முதல் 15, 20 லட்சம் ஆண்டுக்குள் சேர்ந்த உருண்டை உள்ளுக்குள் உருகி இரும்பு, பாறை என்று பிரிந்தது. மேலும் சில அரைவாழ்வுகள் (பாதியாகக் குறையும் காலம்) கழித்துச் சேர்ந்தது உருகாமல் தப்பியது. வெஸ்டா, செரெஸ் என்ற இரு பெரிய உருண்டைகளும் ஒரே சிறுகோள் பட்டையில்தான் இருக்கின்றன. 525 கி.மீ. வெஸ்டாவில் எரிமலைப் பாறை மேலோடும் இரும்பு மையமும் இருக்கின்றன. 940 கி.மீ. செரெஸ் பனியும் களிமண் கனிமங்களும் உப்பும் கலந்தது. டான் விண்கலம் இரண்டையும் சுற்றிப் பார்த்து உறுதிசெய்த வித்தியாசம் இது. பெரியது உருகவில்லை, சிறியது உருகியது. அளவை மட்டும் பார்த்தால் இது புரியவே புரியாது.

இரும்பு விண்கல் துண்டு கையில் கிடைத்தால் அதன் ஆறிய வேகத்தைக் கண்ணால் பார்க்கலாம். அறுத்த முகத்தை உப்புத்தாளால் படிப்படியாக நைசாக்கிக் கண்ணாடிபோல் மெருகேற்றி, ஆல்கஹாலில் 5 சதவீதம் நைட்ரிக் அமிலம் கலந்து தூரிகையால் தடவினால், சில நிமிடத்தில் ஒன்றையொன்று வெட்டும் பட்டைகள் எழும். நிக்கல் குறைந்த பட்டை சீக்கிரம் அரிக்கப்பட்டு மங்கும், நிக்கல் மிகுந்தது பளபளப்பாக நிற்கும். அமிலம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கலவையை மூடிய பாட்டிலில் வைக்கவும் கூடாது, வெடிக்கும். முடிந்ததும் நன்றாகக் கழுவி, சுத்தமான ஆல்கஹாலால் ஈரத்தை எடுக்காவிட்டால் துருப்பிடித்துப் பாழாகும். பெரிய பானைச் சோறு ஆற நேரமாவதுபோல, கிலோமீட்டர் கணக்கில் பாறை போர்த்திய இரும்பு 10 லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரி முதல் சில ஆயிரம் டிகிரி வரை என்ற வேகத்தில்தான் ஆறியது. அவ்வளவு மெல்ல ஆறினால்தான் பட்டை வளரும், ஆகவே அதை எந்த உலையிலும் செய்ய முடியாது. ஆனால் பட்டை தெரியாவிட்டால் விண்கல் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நிக்கல் 6 சதவீதத்துக்குக் கீழே போனாலும், மிக அதிகமானாலும், யாராவது உலையில் சுட்டிருந்தாலும் அது வராது.

பூமியோ அவசரமின்றி வளர்ந்தது. வாயு கலைந்த பிறகு உள்வட்டத்தில் நிலவு, செவ்வாய் அளவுக் கருக்கள் பல மிஞ்சியிருந்தன. அவை 3 முதல் 10 கோடி ஆண்டு மோதி மோதிச் சேர்ந்தன. இந்தக் காலக்கணக்கு ஹாஃப்னியம்-182 தருவது. 89 லட்சம் ஆண்டு அரைவாழ்வுள்ள அது டங்ஸ்டனாக மாறும்; ஹாஃப்னியம் பாறையோடு தங்கும், டங்ஸ்டன் இரும்போடு கீழே போய்விடும். ஆகவே பாறையில் கூடுதல் டங்ஸ்டன்-182 எவ்வளவு மிஞ்சியது என்பது மையம் எப்போது பிரிந்தது என்று சொல்லிவிடும். கடைசிப் பெரிய மோதலில் தெறித்ததே நிலவு. நிலவின் இரும்பு மையம் மிகச் சிறியது என்பதும், மேற்பரப்பு ஒருகாலத்தில் முழுதும் உருகிய கடலாக இருந்தது என்பதும் வலுவான சான்றுகள். அந்தக் கடலில் மிதந்து மேலே உறைந்த வெண்பாறை அனார்த்தசைட். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய பிறகு பிரக்யான் ஊர்தி தென் உயர் அட்சரேகையில் 23 இடங்களில் மண்ணை அளந்தபோது அதே வகைக் கலவையே வந்தது. அதே இனப் பாறை நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடப்பதால்தான், அங்கிருந்து எடுத்துப் பொடித்து நிலவு மண்ணுக்கு மாற்றாக இஸ்ரோ பயன்படுத்தியது. (சித்தம்பூண்டிப் பாறை பூமியிலேயே உருவானது, நிலவிலிருந்து விழுந்ததில்லை.) தீராத இடம் ஒன்று: மோதிய உடல் வேறு எங்கோ பிறந்தது என்றால் நிலவின் ஆக்சிஜன் ஐசோடோப்பு பூமியோடு இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போவது ஏன்? இதற்குப் பல விடைகள் உண்டு, எல்லோரும் ஏற்றது இல்லை. செவ்வாய் ஏன் பூமியில் பத்தில் ஒரு பங்காக நின்றுவிட்டது, புதனுக்கு ஏன் அவ்வளவு பெரிய இரும்பு மையம் என்பவையும் இந்த வரிசைதான்.

மற்ற நிலவுகளுக்கு வேறு வழிகள். வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் அதைச் சுற்றிய சிறிய வட்டிலேயே பிறந்தவை. உள்ளிருந்து வெளியே அடர்த்தியைப் பாருங்கள்: அயோ 3.53, யூரோப்பா 3.01, கனிமீடு 1.94, காலிஸ்டோ 1.83. உள்ளே பாறை, வெளியே பாதிக்குப் பாதி பனி. சூரியக் குடும்பத்தின் அதே வெப்பக் கதை சின்ன அளவில். நெப்டியூனின் டிரைட்டன் கோள் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது; அங்கே பிறந்த நிலவு அப்படிச் சுற்றாது, பிடிபட்டதுதான். செவ்வாயின் போபோஸும் டெய்மோஸும் பிடிபட்டவையா, மோதலில் தெறித்தவையா என்பது அங்கிருந்து மாதிரி வந்தால்தான் தீரும்.

கடைசியாக வால்மீன். ராட்சதக் கோள்களின் பக்கத்திலும் அதற்கு அப்பாலும் சேர்ந்த, அலுமினியம்-26 சூட்டுக்குத் தப்பிய பனித்தூசிக் குவியல்கள் அவை. ரொசெட்டா விண்கலம் 2014 முதல் கூடவே சென்று ஆராய்ந்த 67பி வால்மீனின் அடர்த்தி வெறும் 0.53, அதன் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். இதுவரை எல்லாம் ஒழுங்காகப் பொருந்துகிறது. ஆனால் 2006-இல் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்ட் 2 என்ற வால்மீனின் தூசியைப் பூமிக்குக் கொண்டுவந்தபோது, பனிக்கு நடுவே காண்ட்ரூல் துணுக்குகளும், தலைமயிரின் தடிமன்கூட இல்லாத ஒரு வெள்ளைத் துகளும் இருந்தன. இன்ட்டி என்று பெயரிட்டார்கள். அயெந்தே கல்லில் உள்ள அதே கால்சிய, அலுமினியக் கனிமங்கள். 1000 டிகிரிக்கு மேல் சூரியனை ஒட்டி உறைந்த துகள், நெப்டியூன் பக்கத்துப் பனியில் எப்படிப் போய்ச் சேர்ந்தது? இளம் சூரியனின் காந்தக் காற்று தூக்கி எறிந்ததா, வட்டின் கொந்தளிப்பில் மெல்லப் பரவியதா என்று இரண்டு தரப்பு இருக்கிறது. எந்தத் தரப்பு வென்றாலும், உட்புறப் பொருள் வெளியே போயிருக்கிறது என்பதை அந்தத் துகளே சொல்லிவிட்டது. எனவே பனிக்கோட்டை நான் மேலே சொன்னபடி எடுத்துக்கொள்ளும்போது, அதைப் பனிக்கு மட்டும் எல்லையாக வையுங்கள். தூசிக்கு அது எல்லையாக இருந்ததில்லை.